செல்சி கேலரிகள் (நியூயார்க்): இரண்டு மதியத்தில் எப்படிப் பார்ப்பது?

பனையோலை · #1

நியூயார்க் செல்சியில் சமகாலக் கலை கேலரிகளுக்கென்றே இரண்டு மதியம் ஒதுக்க முடியும். மியூசியம் பார்த்துப் பழக்கம் உண்டு, கேலரி புதிது. பட்டியலைத் திறந்தால் தெருவுக்குத் தெரு பெயர்கள் வந்துகொண்டே இருக்கின்றன, எங்கே தொடங்குவது என்று பிடிபடவில்லை. எந்தக் கிழமை, எந்தத் தெரு, எத்தனை கேலரி? உள்ளே போனால் யாரிடமாவது பேச வேண்டுமா? விலை கேட்டால் தவறாக எடுத்துக்கொள்வார்களா? பெரிதாக வாங்கும் எண்ணமில்லை. சின்ன பிரிண்ட் ஏதாவது மனதுக்குப் பிடித்தால் யோசிக்கலாம். தெரிந்தவர்கள் விவரமாகச் சொல்லுங்கள்.

பத்தாம் அவென்யூ · #2

முதலில் கிழமை. பெரும்பாலான கேலரிகள் செவ்வாய் முதல் சனி வரை, காலை 10 முதல் மாலை 6 வரை. ஞாயிறும் திங்களும் அடைத்திருக்கும். நுழைவுக் கட்டணம் கிடையாது. சனிக்கிழமை கூட்டம் நெரியும், புதன் அல்லது வியாழன் மதியம் நிம்மதியாகப் பார்க்கலாம்.

அடுத்தது விலாசம். மேற்கு 18ஆம் தெருவிலிருந்து 28 வரை, பத்தாம் அவென்யூவுக்கும் பதினோராம் அவென்யூவுக்கும் நடுவிலுள்ள துண்டில்தான் கேலரிகள் அடர்ந்திருக்கின்றன. அங்கே கதவு எண்கள் எல்லாம் ஐந்நூறுகளில் இருக்கும். ஒற்றைப்படை எண் என்றால் தெருவின் வடக்குப் பக்கம், இரட்டைப்படை என்றால் தெற்கு. எண் கூடக் கூட ஹட்சன் ஆற்றை நெருங்குகிறீர்கள். 555 மேற்கு 24 (ககோசியன் கேலரி) என்று பார்த்ததுமே வடக்குப் பக்கம், பதினோராம் அவென்யூவை ஒட்டி என்று புரிந்துவிடும். 513 மேற்கு 20 (ஜாக் ஷெயின்மன் கேலரி) என்றால் அதே வடக்குப் பக்கம், பத்தாம் அவென்யூ முனையில். இது பழகிவிட்டால் போனைப் பார்த்துப் பார்த்து நடக்க வேண்டியதில்லை.

தொலைவைப் பற்றி ஒரு எச்சரிக்கை. செல்சி இருக்கும் மன்ஹாட்டன் தீவில் தெற்கு வடக்காக 20 தெரு சேர்ந்தால் ஒரு மைல். 19இலிருந்து 27 வரை ஏறத்தாழ 650 மீட்டர்தான். ஆனால் அவென்யூவிலிருந்து அவென்யூவுக்கு ஒவ்வொரு முறையும் 240 மீட்டர் போல ஆகும். ஒரு தெருவுக்குள் போய் அதே வழியில் திரும்பி வந்தால் கால் ஓய்ந்துவிடும். ஒரு தெருவில் மேற்கே போங்கள், பதினோராம் அவென்யூவில் திரும்பி அடுத்த தெருவில் கிழக்கே வாருங்கள். பாம்பு போல வளைந்து வளைந்து போக வேண்டும்.

ரயில்: சி, ஈ வண்டிகள் நிற்கும் 23ஆம் தெரு நிலையம் எட்டாம் அவென்யூவில் இருக்கிறது. அங்கிருந்து பத்தாம் அவென்யூவுக்கு அரை கிலோமீட்டர் நடை, நடக்க முடியாவிட்டால் எம்23 பஸ். வடக்கிலிருந்து இறங்க விரும்பினால் 7ஆம் எண் ரயிலில் 34ஆம் தெரு ஹட்சன் யார்ட்ஸ்.

முதல் மதியம் 19 முதல் 22 வரை, இரண்டாம் மதியம் 24 முதல் 27 வரை. 23ஆம் தெரு அகலமான போக்குவரத்துச் சாலை, அதை விட்டுவிடலாம். ஒரு மதியத்துக்கு எட்டு கேலரி, மிஞ்சினால் பத்து. அதற்கு மேல் போனால் கண் மட்டும்தான் பார்க்கும், மனதில் எதுவும் தங்காது.

சுண்ணாம்பு · #3

எந்த மாசம் போறீங்கன்னு சொல்லவே இல்லையே. ஜூலை, ஆகஸ்ட்னா மேலே சொன்ன நேரம் செல்லாது. கோடையில நிறைய கேலரி திங்கள் முதல் வெள்ளின்னு மாத்திக்கும், சனிக்கிழமை பூட்டு. ஆகஸ்ட் கடைசியில மொத்தமா மூடுற இடமும் உண்டு. கோடையில பெரும்பாலும் பல கலைஞர்களோட வேலையைச் சேர்த்து வைக்கிற குழுக் கண்காட்சிதான் இருக்கும். அமெரிக்கத் தொழிலாளர் தினம் (செப்டம்பர் முதல் திங்கள்) முடிஞ்ச வாரம்தான் சீசன் தொடங்கும்.

இன்னொண்ணு. ஒரு கண்காட்சி சாதாரணமா நாலுலேருந்து ஆறு வாரம் ஓடும். அது முடிஞ்சு அடுத்தது மாட்ட ஒரு வாரமாவது ஆகும். அந்த இடைவெளியில போனீங்கன்னா கண்ணாடிக் கதவுல காகிதம் ஒட்டியிருக்கும், உள்ளே ஏணியும் மரப்பெட்டியும்தான் தெரியும். போறதுக்கு முந்தின நாள் ஒவ்வொரு கேலரி தளத்துலயும் தொடங்கும் தேதி, முடியும் தேதி ரெண்டையும் பாருங்க. சீ-சா செயலியில வரைபடத்தோட தேதியும் வரும்.

இடைவெளி · #4

வழி சொல்லிவிட்டீர்கள். அந்தக் கட்டடங்கள் ஏன் அப்படி இருக்கின்றன என்பதையும் தெரிந்துகொண்டு போனால் பார்வையே மாறும்.

1968இல் பவுலா கூப்பர் நியூயார்க்கின் இன்னொரு பகுதியான சோஹோவில் கேலரி திறந்தபோது அங்கே பழைய தொழிற்கூட மாடிகள்தான் இருந்தன. கலைஞர் சால் லெவிட் தன் முதல் சுவர் வரைபடத்தை வரைந்தது அந்தத் தொடக்கக் கண்காட்சியில். பிறகு சோஹோவில் துணிக்கடைகள் பெருகி வாடகை ஏறியது. டியா என்ற கலை அறக்கட்டளை 1987இலேயே செல்சியின் 22ஆம் தெருவில் ஒரு பழைய கிடங்கில் காட்சிக்கூடம் திறந்திருந்தது. மேத்யூ மார்க்ஸ் 1994இலும், பவுலா கூப்பர் 1996இலும் அந்தப் பக்கம் வந்தார்கள். பின்னாலேயே மற்றவர்களும்.

அவர்கள் தேடி வந்தது என்ன? அங்கிருந்தவை டாக்சி கராஜ்கள், லாரி நிறுத்தும் ஒற்றை மாடிக் கூடங்கள், கிடங்குகள். வண்டிகள் திரும்புவதற்காகக் கட்டியவை என்பதால் நடுவில் தூண் கிடையாது, இருந்தாலும் குறைவு. பாரத்தை உத்தரங்கள் பக்கச் சுவருக்குக் கடத்திவிடும். தரை, மண்மேல் நேரடியாக ஊற்றிய கான்கிரீட், டன் கணக்கில் எடை தாங்கும். வாசல் லாரி நுழையும் அகலம். மேலே மாடி இல்லாததால் கூரையிலிருந்து பகல் வெளிச்சம் இறக்கலாம். சிற்பி ரிச்சர்ட் செர்ராவின் வளைந்த எஃகுச் சுவர்களை ஒரு தனியார் கேலரியில் நிறுத்த முடிந்தது இதனால்தான். சோஹோவின் நான்காம் மாடியில் அது நடக்காது.

2005இல் மேற்கு செல்சிக்கு நகர நிர்வாகம் புதிய மண்டல விதி (எங்கே என்ன கட்டலாம் என்ற விதி) கொண்டுவந்தபோது அவென்யூ ஓரங்களில் உயரமான குடியிருப்புகளுக்கு இடம் கொடுத்தது. தெருக்களின் நடுப்பகுதியைப் பெரும்பாலும் தொழில் மண்டலமாகவே விட்டுவைத்தது. பத்தாம் அவென்யூவில் கண்ணாடி அடுக்குமாடிகளும் தெருவின் நடுவில் தாழ்ந்த செங்கல் கட்டடங்களுமாக இருப்பதற்கு இதுதான் காரணம். ஹை லைன் மேலே நின்று கீழே பார்த்தால் இந்த வேறுபாடு கோடு போட்டது போலத் தெரியும். 1934இல் சரக்கு ரயிலுக்காகத் திறந்த பாலம் அது, 2009இல் பூங்காவாக மாறியது. 23ஆம் தெருவில் படியும் லிப்டும் உண்டு.

ஒரு கேலரிக்குள் நுழைந்ததும் படத்தைப் பார்க்கும் முன் ஒரு நிமிடம் அறையைப் பாருங்கள். தரையில் பழைய எண்ணெய்க் கறையும் விரிசலும் மெருகுக்கு அடியில் தெரிகிறதா? சுவர் தரையைத் தொடும் இடத்தில் விரல் அகலத்துக்கு ஒரு கருப்பு இடைவெளி விட்டிருக்கிறார்களா? சுவர் மிதப்பது போலத் தோன்றச் செய்வது அந்த இடைவெளிதான். வெள்ளைப் பலகைக்குப் பின்னால் பெரும்பாலும் பிளைவுட் அடித்திருப்பார்கள், எந்த இடத்திலும் திருகு முடுக்கலாம் என்பதற்காக. படத்தின் நடுப்புள்ளி தரையிலிருந்து 145 முதல் 152 சென்டிமீட்டர் உயரத்தில் வரும்படி மாட்டுவது வழக்கம். அதை விட்டு மேலேயோ கீழேயோ மாட்டியிருந்தால் யாரோ யோசித்துச் செய்திருக்கிறார்கள் என்று பொருள். ஏன் என்று நின்று பார்க்கலாம்.

நீர்வண்ணம் · #5

#2இல் சொன்ன வரிசையில் எனக்கு உடன்பாடில்லை. 19, 20, 21, 22 தெருக்களில் ஸ்விர்னர், ககோசியன், ஹவுசர் அண்ட் வர்த் எனப் பெரிய கேலரிகளின் பெயர்கள். முதல் நாளே அங்கே போனால் அந்த அளவும் பளபளப்பும்தான் கேலரி என்று மனதில் பதிந்துவிடும். மறுநாள் 26ஆம் தெருவில் மூன்றாம் மாடியில் ஒரு சின்ன அறையைப் பார்க்கும்போது அது எளிமையாகத் தெரியும். உண்மையில் புதியவர்களின் நல்ல வேலைகள் அந்தச் சின்ன அறைகளில்தான் அதிகம்.

526 மேற்கு 26, 547 மேற்கு 27 போன்ற மாடிக் கட்டடங்களில் தொடங்குங்கள். லிப்டில் உச்சி மாடிக்குப் போய்ப் படியில் இறங்கி வருவதுதான் முறை. கீழிருந்து ஏறினால் லிப்டுக்குக் காத்தே அரை மணி போகும். கீழ்த்தளத்தில் பலகையில் கேலரி பெயரும் அறை எண்ணும் இருக்கும், போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கதவு சாத்தியிருந்தாலும் தள்ளிப் பாருங்கள், மணி இருந்தால் அழுத்துங்கள். தெருவில் நின்று பார்த்து "இங்கே ஒன்றுமில்லை" என்று திரும்புகிறவர்கள்தான் அதிகம்.

இந்த மாடிகளில் ஓவியர்களே உறுப்பினர் தொகை கட்டி நடத்தும் கூட்டுறவுக் கூடங்களும் இருக்கும். வணிக கேலரி தன் செலவில் கண்காட்சி வைத்து, விற்றால் பொதுவாக ஓவியரோடு பாதிக்குப் பாதி பிரித்துக்கொள்ளும். இரண்டும் வெவ்வேறு ஏற்பாடு, எது எது என்று தெரிந்து பார்ப்பது நல்லது.

பத்தாம் அவென்யூ · #6

நீர்வண்ணம் சொல்வது நியாயம். அப்படியானால் முதல் மதியத்தை வடக்கிலும் இரண்டாவதைத் தெற்கிலும் வைத்துக்கொள்ளலாம். வளைந்து போகும் முறை மட்டும் மாறாது.

பனையோலை · #7

மிக்க நன்றி. மேசைக்குப் பின்னால் ஒருவர் தலை நிமிராமல் உட்கார்ந்திருப்பார் என்கிறார்களே, அவரிடம் என்ன பேசுவது? சுவரில் படத்தின் பெயர்கூட எழுதியிருக்காதாம், உண்மையா?

வெள்ளைச்சுவர் · #8

உண்மைதான். பல கேலரிகளில் சுவரில் பெயர்ப்பலகை வைக்க மாட்டார்கள், பார்வையைக் கலைக்கும் என்று. விவரம் எல்லாம் முன் மேசையில் இருக்கும். இரண்டு தாள் கேளுங்கள்.

ஒன்று பிரஸ் ரிலீஸ். கலைஞர் யார், இந்தக் கண்காட்சி எதைப் பற்றி என்ற ஒரு பக்கக் குறிப்பு. மொழி கடினமாக இருக்கும். முதலில் படத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் பிறகு படியுங்கள், இல்லாவிட்டால் தாளில் எழுதியதைத்தான் சுவரில் தேடிக்கொண்டிருப்பீர்கள்.

இரண்டாவது செக்லிஸ்ட். இதுதான் முக்கியம். சின்னப் படமும் எண்ணுமாக, நுழைவாயிலிலிருந்து எந்தப் பக்கமாகச் சுற்ற வேண்டும் என்ற வரிசையில் எல்லா வேலைகளும் இருக்கும். தலைப்பு, ஆண்டு, ஊடகம், அளவு. ஊடக வரியைக் கவனித்துப் படியுங்கள். தூரத்திலிருந்து எண்ணெய் ஓவியமாகத் தெரிந்தது "அலுமினியத்தின் மேல் இங்க்ஜெட், அக்ரிலிக்" என்று இருக்கும். திரும்பிப் போய்ப் பக்கத்தில் பார்த்தால் எந்தக் கோடு அச்சு, எந்தக் கோடு கை என்று பிரியும். அளவில் அமெரிக்க கேலரிகள் உயரத்தை முதலிலும் அகலத்தைப் பிறகும் போடுவார்கள்.

விலை கேட்பதில் தவறே இல்லை. விற்பனைக்கு வைத்த பொருளின் விலை பார்வைக்கு இருக்க வேண்டும் என்பது நியூயார்க் நகர விதி. 1988இல் நகர நுகர்வோர் துறை கேலரிகளிடமும் அதை வலியுறுத்தியது. சுவரில் எழுத மாட்டார்கள், ஆனால் விலையிட்ட செக்லிஸ்ட் பெரும்பாலும் மேசையில் இருக்கும். "விலைப் பட்டியல் பார்க்கலாமா?" என்ற ஒரே கேள்வி போதும், காரணம் சொல்ல வேண்டியதில்லை.

பட்டியலில் சிவப்புப் புள்ளி இருந்தால் விற்றுவிட்டது. "ரிசர்வ்" என்றால் யாரோ கேட்டு வைத்திருக்கிறார், இன்னும் முடியவில்லை. "என்.எப்.எஸ்" என்றால் விற்பனைக்கு இல்லை. அறையில் இருப்பவை மட்டும்தான் என்றும் எண்ண வேண்டாம். அதே கலைஞரின் வேறு வேலைகள் பின்னறையில் இருக்கும். கேட்டால் காட்டலாம், அல்லது கோப்பாக மின்னஞ்சலில் அனுப்புவார்கள்.

சுண்ணாம்பு · #9

வாங்குற எண்ணமே இல்லாம விலை கேட்டு அவங்க நேரத்தை வீணாக்கலாமான்னு ஒரு கேள்வி இருக்கு, வெள்ளைச்சுவர்.

வெள்ளைச்சுவர் · #10

சுண்ணாம்பு, தாளைக் கேட்பது வேறு, தள்ளுபடி பேசுவது வேறு. முதலாவது எல்லோருக்கும் உரியது, அதற்குத்தான் அந்த மேசை. இரண்டாவது வாங்க முடிவு செய்தவருக்கு மட்டும். விலையைத் தெரிந்துகொண்டால் பார்க்கிறவருக்குப் பயன் உண்டு. இளம் ஓவியர்களின் விலை பெரும்பாலும் அளவைப் பொறுத்தே ஏறும், ஒரே அறையில் இரண்டு மூன்று விலைகளை ஒப்பிட்டாலே அந்தக் கணக்கு புரியும். ஒரே அளவில் ஒன்று மட்டும் கூடுதலாக இருந்தால், ஏன் என்று கேட்டுப் பாருங்கள். நல்ல உரையாடல் தொடங்குவது அங்கேதான்.

நீர்வண்ணம் · #11

பிரிண்ட் பற்றிக் கேட்டிருந்தார் பனையோலை. அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் தவறு நடப்பது இங்கேதான்.

"3/25" என்றால் 25 பிரதிகள் மட்டும் கொண்ட பதிப்பில் மூன்றாவது. கூடவே "ஏ.பி." என்று கலைஞருக்கான பிரதிகள் சில இருக்கும், அவை அந்த 25இல் சேராது. கேட்க வேண்டியவை: ஏ.பி. எத்தனை, இதுவரை எத்தனை விற்றது, அடுத்த எண்ணுக்கு விலை கூடுமா. புகைப்படங்களில் பதிப்பு விற்க விற்க விலையை ஏற்றுவது வழக்கம், முதல் பிரதியும் கடைசிப் பிரதியும் ஒரே விலை என்று நினைக்கக் கூடாது. அதே படம் வேறு அளவில் தனிப் பதிப்பாக வந்திருக்கிறதா என்றும் கேளுங்கள்.

நியூயார்க் மாநிலச் சட்டப்படி, சட்டகம் நீங்கலாக 100 டாலருக்கு மேற்பட்ட பிரிண்டுக்கும் புகைப்படத்துக்கும் கலைஞர் பெயர், கையொப்ப விவரம், அச்சு முறை, பதிப்பின் எண்ணிக்கை ஆகியவற்றை விற்பவர் எழுத்தில் தர வேண்டும். ரசீதிலோ தனிச் சான்றிதழிலோ இது இருக்கிறதா என்று பார்த்த பிறகே பணம் கொடுங்கள்.

சட்டகம் விலையில் சேர்ந்ததா என்று கேட்க மறந்துவிடுவார்கள். சுவரில் சட்டகத்தோடு தொங்கும், விலை தாளுக்கு மட்டும் இருக்கும். நகருக்குள் கையில் வாங்கிக்கொண்டால் விற்பனை வரி 8.875 சதவீதம் கூடும். கேலரியே மாநிலத்துக்கு வெளியே அனுப்பினால் நியூயார்க் வரி வராது, போய்ச் சேரும் இடத்து வரியும் சுங்கமும் தனி. தாள் வேலையைக் குழாயில் சுருட்டித் தருவதா, தட்டையாகவா என்பதையும் முன்கூட்டிப் பேசுங்கள். தடித்த பஞ்சுத்தாளில் கனமாக மை ஏறியிருந்தால் சுருட்டும்போது மை வெடிக்கும். அதைத் தட்டையாகத்தான் கொண்டுபோக வேண்டும்.

கேலரி விலை எட்டவில்லை என்றால் 231 பதினோராம் அவென்யூவில் பிரிண்டட் மேட்டர் இருக்கிறது. 1976இல் தொடங்கிய லாப நோக்கற்ற நிறுவனம், கலைஞர்களே உருவாக்கும் புத்தகங்களுக்கானது. கையில் எடுத்துப் புரட்டிப் பார்க்கலாம், மலிவு விலையிலும் நல்ல வேலைகள் கிடைக்கும். அதற்கு மட்டும் ஒரு மணி நேரம் வையுங்கள்.

இடைவெளி · #12

22ஆம் தெருவில் நடக்கும்போது கேலரிக் கதவுகளை மட்டும் பார்க்காமல் நடைபாதையையும் பாருங்கள். ஒவ்வொரு மரத்தின் பக்கத்திலும் ஏறக்குறைய நான்கடி உயரத்தில் ஒரு கல் நட்டிருக்கும். சாம்பல் நிறப் பசால்ட் பாறை, பட்டை பட்டையாக முகம் கொண்ட தூண், செதுக்கியதல்ல, எரிமலைக் குழம்பு ஆறும்போது இயல்பாக அப்படிப் பிளந்தது. கலைஞர் ஜோசப் பாய்ஸ் 1982இல் ஜெர்மனியின் காசெல் நகரில் தொடங்கிய '7000 ஓக்ஸ்' (7000 ஓக் மரங்கள்) வேலையின் தொடர்ச்சி இது. டியா 1988இல் ஐந்து மரங்களோடு இங்கே நட்டது, 1996இல் இன்னும் சேர்த்தது. கல் வளராது, மரம் வளரும். நடும்போது கல்லுக்கு ஈடாக நின்ற கன்று இன்று பல மடங்கு உயர்ந்திருக்கிறது. அந்த விகிதம் மாறிக்கொண்டே இருப்பதுதான் படைப்பு. கல்லின் மேல் காப்பிக் கோப்பையை வைத்துவிட்டுப் போகிறவர்களைப் பார்க்கலாம், தெரியாமல்தான் வைக்கிறார்கள்.

டியா செல்சி 537 மேற்கு 22இல் இருக்கிறது. புதன் முதல் சனி வரை, மதியம் 12 முதல் 6 வரை, அனுமதி இலவசம். விற்பனை இல்லாத இடம், ஒரே வேலை பல மாதம் இருக்கும்.

சுண்ணாம்பு · #13

உள்ளே போனதும் கவனிக்க வேண்டியதை யாரும் சொல்லலையே.

முதுகுப்பையைக் கழட்டிக் கையில எடுத்துக்கோங்க, இல்ல முன்பக்கமா மாட்டிக்கோங்க. போட்டோ எடுக்கப் பின்னாலேயே நகர்ந்து போய் பின்னாடி இருக்கிற சிற்பத்துல இடிக்கிறதுதான் ரொம்ப சாதாரணமா நடக்கிற விபத்து. மியூசியத்துல கயிறு, சென்சார் இருக்கும். கேலரியில பெரும்பாலும் ஒண்ணும் இருக்காது. தரையில கிடக்கிற தகடு, துணி, மணல் எல்லாம் வேலையா இருக்கலாம், அடி வைக்கும் முன்னாடி பாருங்க. கார்ல் ஆந்த்ரேவோட உலோகத் தகடுகள் மாதிரி மேலே நடக்கவே செஞ்சதும் உண்டு, ஆனாலும் கேட்டுட்டுத்தான் கால் வைக்கணும். போட்டோ பெரும்பாலும் எடுக்கலாம், பிளாஷ் மட்டும் கூடாது.

வீடியோ வேலைன்னா மேசையில ரெண்டு கேள்வி: மொத்தம் எத்தனை நிமிஷம், அடுத்து எப்போ ஆரம்பத்துலேருந்து வரும். 40 நிமிஷ வேலைக்குள்ள பாதியில நுழைஞ்சு அஞ்சு நிமிஷம் நின்னுட்டு "புரியல"ன்னு வர்றது அந்த வேலைக்குச் செய்யற நியாயம் இல்லை. நேரம் கேட்டுக்கிட்டுப் பக்கத்து கேலரி பார்த்துட்டுத் திரும்பி வாங்க.

யாயோய் குசாமா மாதிரி கண்ணாடி அறை வேலைக்கு வரிசை மணிக்கணக்கா நிக்கும். அப்படி ஒண்ணு ஓடுதுன்னா அன்னிக்கு அது ஒண்ணு மட்டும்தான்னு வெச்சுக்கோங்க.

கழிவறை கேலரிகள்ல கேட்டாலும் பெரும்பாலும் கிடைக்காது. ஹை லைன்ல 16ஆம் தெரு பக்கம் இருக்கு. உட்கார 22ஆம் தெருவும் பத்தாம் அவென்யூவும் சேர்ற இடத்துல சின்னப் பூங்கா இருக்கு, பெஞ்சு உண்டு.

பத்தாம் அவென்யூ · #14

திறப்பு விழா பற்றி ஒரு வரி. புதுக் கண்காட்சிகள் பெரும்பாலும் வியாழன் மாலை 6 முதல் 8 வரை திறக்கும், யாரும் போகலாம். கலைஞரைப் பார்க்கலாம், பேசலாம். படத்தைப் பார்க்க முடியாது, முதுகுகள்தான் தெரியும். பகலில் பார்த்துவிட்டு மாலையில் அதே இடத்துக்குப் போவதென்றால் சரி.

இடைவெளி · #15

மூன்றாவது மதியம் கிடைத்தால் மன்ஹாட்டனின் தெற்கிலுள்ள டிரைபெக்கா பகுதி. செல்சி வாடகை காரணமாகப் பல நடுத்தர கேலரிகள் அங்கே போய்விட்டன. ஜேம்ஸ் கோஹன், ஆண்ட்ரூ க்ரெப்ஸ் இரண்டும் 2019இல். 23ஆம் தெருவிலிருந்து அதே சி, ஈ ரயிலில் கனால் தெருவில் இறங்கினால் வாக்கர் தெரு, கோர்ட்லாண்ட் சந்து எல்லாம் நடந்தே போகலாம்.

தமிழ் வாசகர்களுக்கு இன்னொரு இடம்: 108 கிழக்கு 16ஆம் தெருவில் தல்வார் கேலரி, யூனியன் சதுக்கம் பக்கம். தமிழ்நாட்டைச் சேர்ந்த ஆல்வார் பாலசுப்ரமணியத்தின் சிற்பங்களைக் காட்டிவரும் கேலரி அது.

பனையோலை · #16

அனைவருக்கும் நன்றி. திட்டம் இப்படி: செவ்வாய் மதியம் 1 மணிக்கு 22ஆம் தெருவில் டியா, பிறகு தெற்கே 19 வரை. வியாழன் மதியம் 27ஆம் தெருவில் தொடங்கி 24 வரை, மாலை ஏதாவது ஒரு திறப்பு விழா. சரிதானா?

நீர்வண்ணம் · #17

செவ்வாயன்று டியா மூடியிருக்கும். இரண்டு நாளையும் மாற்றிப் போடுங்கள்: செவ்வாய் வடக்கு மாடிக் கட்டடங்கள், வியாழன் 22 முதல் 19 வரை. குளிர்காலமாக இருந்தால் வியாழன் 12 மணிக்கே வந்துவிடுங்கள். நாலரை மணிக்கெல்லாம் இருட்டிவிடும், கூரை வெளிச்சத்தை நம்பி மாட்டிய படங்கள் அதற்குப் பிறகு விளக்கு வெளிச்சத்தில் வேறு நிறமாகத் தெரியும். 537 மேற்கு 20இல் இருக்கும் ஸ்விர்னர் கட்டடத்தின் பெரிய கூடத்தை மூன்று மணிக்கு முன்னால் பார்த்துவிடுங்கள்.